கயிற்றுக்குள் ஒரு நிற இழை: சாத்தம் கப்பல்தளத்தின் பொருட்கள் நமக்குச் சொல்வது



அய்யா மறைந்த பிறகு அவருடைய வீட்டிலிருந்து நம் மன்றத்துக்கு இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்றில் கையெழுத்துப் படிகள், துண்டறிக்கைகள், கூட்டக் குறிப்பேடுகள். இன்னொன்றில் அவருடைய தகப்பனார் பயன்படுத்திய தோல் தைக்கும் குத்தூசி, தோல் வெட்டும் கத்தி, அடிவைத்துத் தட்டுகிற மரக்கட்டை. முதல் பெட்டியைப் பற்றி நமக்குள் வாதம் இல்லை. அதைப் பாதுகாக்க வேண்டும், படியெடுக்க வேண்டும். இரண்டாவது பெட்டியைப் பற்றித்தான் சென்ற ஆண்டு முழுவதும் பேசினோம். 'இது எங்கள் தாத்தாவின் திறமை, இதை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்' என்றார்கள் சிலர். 'நம்மை இழிவுபடுத்திய தொழிலின் அடையாளத்தை நாமே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுவதா' என்று கேட்டார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

இந்த நினைவுச் சொற்பொழிவில் நான் அந்த வாதத்துக்கு நேரடியாகத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உழைப்பின் பொருட்களை ஏற்கெனவே காட்சிக்கு வைத்திருக்கிற ஓர் ஊரைப் பற்றிப் பேசுகிறேன். அங்கே எது காட்டப்படுகிறது, எது காட்டப்பட முடியாமல் போகிறது என்று பார்ப்போம். அதன் பிறகு நம் குத்தூசிக்குத் திரும்புவோம்.

சாத்தம்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், இலண்டனுக்குத் தென்கிழக்கே, மெட்வே ஆற்றின் கரையில் இருக்கிறது சாத்தம். 16ஆம் நூற்றாண்டில் முதலாம் எலிசபெத்தின் காலத்தில் அரசுக் கடற்படையின் கப்பல்தளமாக வளர்ந்த ஊர். நானூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே போர்க்கப்பல்கள் கட்டப்பட்டன, பழுதுபார்க்கப்பட்டன, உடைக்கப்பட்டன. 1805 டிராபல்கர் போரில் நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்த 'விக்டரி' இங்கேதான் கட்டப்பட்டு 1765இல் நீரில் இறக்கப்பட்டது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கின்ஸின் தகப்பனார் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்ததால், டிக்கின்ஸின் சிறுவயதில் ஐந்தாண்டுகள் இந்த ஊரில் கழிந்தன.

1981இல் பிரிட்டிஷ் அரசு பாதுகாப்புச் செலவைக் குறைக்க எடுத்த முடிவில் தளத்தை மூடுவதாக அறிவித்தது. 1984 மார்ச் 31 அன்று தளம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஊரின் உயிரே அந்த மதில்களுக்குள் இருந்தது. பழைய கட்டடங்கள் நிற்கும் பகுதி ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்து, இன்று அருங்காட்சியகமாக நடக்கிறது. வேலை போன இடத்தில் வேலையின் நினைவு வந்து உட்கார்ந்தது என்று சொல்லலாம். இதை நாம் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தொழில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் தொழில் செத்த பிறகுதான் பிறக்கின்றன.

கயிற்றாலை

சாத்தத்தின் மிகப் பெரிய காட்சிப் பொருள் ஒரு கட்டடம்தான். அதன் கயிற்றாலை 1786க்கும் 1791க்கும் இடையில் கட்டப்பட்டது. நீளம் 1,135 அடி, அதாவது ஏறத்தாழ 346 மீட்டர். இவ்வளவு நீளம் எதற்கு?

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு விடை உடனே தெரியும். நாரை முறுக்கி இழையாக்க வேண்டும். இழைகளைச் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்கிப் புரியாக்க வேண்டும். மூன்று புரிகளைச் சேர்த்து மறுபடியும் எதிர்த் திசையில் முறுக்கினால் கயிறு. ஒவ்வொரு முறுக்கும் அவிழப் பார்க்கும்; அடுத்த முறுக்கு எதிர்த் திசையில் இருப்பதால் அதை அவிழவிடாது. கயிற்றின் பலம் இந்த எதிரெதிர் இழுப்பில்தான் இருக்கிறது. ஆனால் முறுக்க முறுக்க நீளம் குறையும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இருநூறு மீட்டர் நங்கூரக் கயிறு வேண்டுமென்றால், அதைவிட மிக நீளமான இழைகளை வளைக்காமல் நேராக விரித்துப்போட இடம் வேண்டும். அதற்காகத்தான் கால் கிலோமீட்டரையும் தாண்டிய ஒரே கூடம். 'விக்டரி' போன்ற ஒரு கப்பலுக்கு மட்டும் 40 கிலோமீட்டருக்கு மேல் கயிறு தேவைப்பட்டது.

நார் வந்தது பெரும்பாலும் ருஷ்யாவிலிருந்து, பால்டிக் துறைமுகங்கள் வழியாக. அந்தச் சணப்பு நாரை இரும்பு முட்கள் அடித்த பலகையில் எண்ணெய் தொட்டு இழுத்துச் சிக்கெடுத்தார்கள். அந்தப் பலகை இன்றும் காட்சியில் இருக்கிறது. இழை நூற்பவர் சிக்கெடுத்த நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஒரு முனையைச் சுழலும் சக்கரத்தின் கொக்கியில் மாட்டிவிட்டு, விரலால் நாரை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார். நாள் முழுவதும் பின்னோக்கி நடக்கிற வேலை. பிறகு இழைகளைக் கொதிக்கும் தாரில் முக்கி எடுப்பார்கள். பெரிய நங்கூரக் கயிறு ஒன்றை முறுக்க நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டியிருந்தது. 1811ஆம் ஆண்டு ஹென்றி மாட்ஸ்லே என்ற பொறியாளர் செய்துகொடுத்த புரி முறுக்கும் இயந்திரம் இன்னும் அங்கே நிற்கிறது. அந்தக் கூடத்தில் இன்றும் கயிறு திரிக்கிறார்கள்; பார்வையாளர்கள் கூடவே நின்று பார்க்கிறார்கள்.

இயந்திரத்தில் மாட்ஸ்லேயின் பெயர் இருக்கிறது. பின்னோக்கி நடந்தவரின் பெயர் எதிலும் இல்லை. இது நமக்குப் புதிதல்ல. நம் ஊர் அருங்காட்சியகங்களிலும் செப்புத் திருமேனியின் அருகே எந்த அரசன் காலம், எந்த நூற்றாண்டு என்று எழுதியிருக்கும். மெழுகில் உரு செய்து, மண் பூசி, உலோகம் ஊற்றியவரின் பெயரைத் தேட வேண்டும்.

திருடன் இழை

கயிற்றாலையின் மிகச் சிறிய பொருள் ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். அரசுத் தளத்தில் செய்த கயிற்றைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஓர் இழை மட்டும் வேறு மாதிரி இருக்கும். பழைய காலத்தில் மற்ற இழைகளுக்கு எதிர்த் திசையில் முறுக்கிய இழையாக வைத்தார்கள். பிறகு நிறமூட்டிய இழையாக, ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு நிறமாக வைத்தார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'ரோக்ஸ் யார்ன்' என்று பெயர். தமிழில் சொன்னால் திருடன் இழை.

காரணம் எளிது. அரசுக் கயிறு வெளிச்சந்தையில் விற்கப்பட்டால், ஒரு முனையைப் பிரித்தாலே போதும், அது எங்கிருந்து போனது என்று தெரிந்துவிடும். கயிற்றை வெட்டி எடுத்தாலும் அடையாளத்தை வெட்டி எடுக்க முடியாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அது ஓடுகிறது. அரசின் மரத்துக்கும் இரும்புக்கும் அம்புமுனைக் குறி, கயிற்றுக்கு இந்த இழை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சட்டப்படி, குறியிட்ட அரசுப் பொருள் ஒருவரிடம் இருந்தாலே குற்றம். அது தன்னிடம் எப்படி வந்தது என்பதை வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

தொழிலாளர்கள் திருடவில்லையா? திருடினார்கள். ஏன் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் தளத் தொழிலாளிக்குச் சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதுவும் பாக்கி விழும். அந்தப் பாக்கிக் காலத்தில் கடனில்தான் சோறு. கப்பல் தச்சர்களுக்கு ஒரு பழைய உரிமை இருந்தது. வெட்டி மிஞ்சிய மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அடுப்பெரிக்க என்று தொடங்கிய உரிமை, கூலியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. துண்டு மூன்றடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தால், நல்ல மரத்தையும் மூன்றடிக்குக் கீழே வெட்டினார்கள். நிர்வாகம் இதைத் திருட்டு என்றது. தொழிலாளி இதைக் கூலி என்றான். 1801இல் அந்த உரிமை எடுக்கப்பட்டு அதற்குப் பதிலாகத் தினக்காசு கொடுக்கப்பட்டது. உரிமையை எடுக்கும்போது காசு கொடுக்க வேண்டியிருந்தது என்பதே அது கூலிதான் என்பதற்குச் சாட்சி.

இப்போது இந்தத் திருடன் இழைக்குப் பக்கத்தில் நம் வரலாற்றிலிருந்து ஒன்றை வைக்கிறேன். அதே பிரிட்டிஷ் அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வட இந்தியாவில் தொடங்கிய அது 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். 1952 வரை அது நீடித்தது. சாத்தத்தில் திருடன் இழையைக் கயிற்றுக்குள் வைத்தார்கள். இங்கே அதை மனிதருடைய பிறப்புக்குள் வைத்தார்கள். தளத்து வாயிலில் சோதனை முடிந்ததும் அந்தத் தச்சன் தெருவில் நடக்கும்போது சந்தேகம் அவனோடு வீடு வரை வரவில்லை. அவன் பிள்ளைக்குப் போகவில்லை. இங்கே இரவு தூங்குமிடம் வரை, பிறந்த குழந்தை வரை வந்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றுதான். உழைப்பவன் முதலில் சந்தேகத்துக்கு உரியவன், பிறகுதான் மற்ற எதுவும்.

ஐயம் யார்மீது, பூட்டு யாருக்கு

இதே ஊரோடு சேர்ந்த இன்னொரு பொருள் 'சாத்தம் பெட்டி'. 1590ஆம் ஆண்டு வாக்கில், ஸ்பெயினின் பெரும் கடற்படையோடு நடந்த போருக்குப் பிறகு, ஊனமுற்ற மாலுமிகளுக்கு உதவ ஒரு நிதி தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலிருந்தும் மாதம் 6 பென்ஸ் பிடித்தார்கள். அந்தப் பணத்தை வைத்த இரும்புப் பெட்டிக்குப் பல பூட்டுகள். சாவிகள் வேறு வேறு ஆட்களிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது.

சற்று யோசியுங்கள். இந்தப் பூட்டுகள் மாலுமிக்குப் பயந்து போட்டவை அல்ல. சாவி வைத்திருக்கும் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பயந்து போட்டவை. அப்படியும் பெட்டிப் பணம் ஒழுங்காக நடக்கவில்லை; 17ஆம் நூற்றாண்டில் கடற்படை நிர்வாகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் இந்த நிதியின் முறைகேடுகளைத் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார்.

அருங்காட்சியகத்தில் இரண்டு பொருட்களையும் அருகருகே வைத்தால் ஒரு பாடம் கிடைக்கும். தொழிலாளியின் திருட்டுக்குத் தனிப்பெயர் இருக்கிறது, இழையாக, சட்டமாக இருக்கிறது. மேலிடத்துத் திருட்டுக்கு அழகான இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குப் பெயர் தர்மநிதி. ஒரே பொருளைத் தனியாகப் பார்க்கும்போது தெரியாதது, இரண்டைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறது. காட்சிக்கு வைப்பவரின் வேலை பொருளைத் துடைத்து வைப்பது மட்டுமல்ல, எதற்கு அருகில் எதை வைப்பது என்று தீர்மானிப்பதும்தான்.

தனிப் படிக்கட்டு

1860களில் கயிற்றாலையில் நூற்கும் இயந்திரங்கள் வந்தபோது, அவற்றை இயக்கப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அதற்கு முன்பே பாய்மரத் துணியும் கொடியும் தைக்கும் கூடத்தில் பெண்கள் இருந்தார்கள். கடலிலோ தளத்திலோ கணவனை இழந்தவர்கள் பலர். கயிற்றாலைப் பெண்களுக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு, தனி உணவறை. ஆண்களோடு அவர்கள் சந்திக்கக் கூடாது என்பதற்காக.

தனி வாசல், தனிப் படிக்கட்டு என்ற சொற்களைக் கேட்டதும் நம் காது வேறுவிதமாகக் கேட்கும். தேநீர்க் கடையில் தனிக் குவளையைப் பார்த்தவர்கள் நாம். அங்கே காரணம் ஒழுக்கம் என்றார்கள். இங்கே தீட்டு என்றார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படிக்கட்டு என்பது கருவியல்ல, கயிறல்ல, கப்பலல்ல. அதைப் பொருளாக எண்ணி யாரும் பெட்டியில் வைப்பதில்லை. ஆயினும் அந்தக் கூடத்தில் யார் யாராக நடத்தப்பட்டார்கள் என்பதை எந்த இயந்திரத்தையும்விட அந்தப் படிக்கட்டுத்தான் தெளிவாகச் சொல்கிறது. உழைப்பின் அருங்காட்சியகம் கருவியோடு நின்றுவிடக் கூடாது. வாசலையும் படிக்கட்டையும் குவளையையும் கேட்க வேண்டும்.

தரைக்கு அடியில் ஒரு கப்பல்

1995இல், சாத்தத்தில் சக்கரம் செய்யும் பழைய பட்டறையின் தரைப்பலகைகளைத் தூக்கியபோது அடியில் ஒரு கப்பலின் மரங்கள் கிடந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட கனமான ஓக் மரங்கள், அடுக்கி வைக்கப்பட்டவை. பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு அது 'நாமூர்' என்ற கப்பல் என்று உறுதியானது. 90 பீரங்கிக் கப்பல். 1756இல் இதே சாத்தத்தில் நீரில் இறக்கப்பட்டது, 1833இல் இங்கேயே உடைக்கப்பட்டது. பிறந்த இடத்திலேயே இறந்து, அந்த இடத்தின் தரைக்கு அடியில் கிடந்த கப்பல். மரங்களில் தச்சர்கள் கூரான கருவியால் கீறிய குறிகள் இருக்கின்றன. எழுதத் தெரியாத கைகள் விட்டுச்சென்ற எழுத்து என்று அவற்றைச் சொல்லலாம். இன்று அந்த மரங்கள் கிடந்த இடத்திலேயே காட்சிக்கு இருக்கின்றன.

இந்தக் கப்பலில் ஒரு கறுப்பினச் சிறுவன் இருந்தான். பெயர் ஒலாடா எக்வியானோ. தான் இக்போ மண்ணில் பிறந்து, கடத்தப்பட்டு, விற்கப்பட்டதாகத் தன்வரலாற்றில் சொல்கிறார். கடற்படை அதிகாரி மைக்கேல் பாஸ்கல் அவரை விலைக்கு வாங்கி, சுவீடன் அரசன் ஒருவனின் பெயரான குஸ்டாவஸ் வாசா என்பதை அவருக்கு வைத்தார். அடிமைக்கு அரசன் பெயர் வைப்பது அக்காலத்து வேடிக்கை. 1758, 1759 ஆண்டுகளில் எக்வியானோ 'நாமூர்' கப்பலில் பணியாற்றினார். 1759 ஆகஸ்டில் லாகோஸ் கடற்போரில் பீரங்கிக்கு வெடிமருந்து சுமந்து ஓடுவது அவர் வேலை. பிரிட்டனுக்காகப் போரிட்டால் விடுதலை கிடைக்கும் என்று நம்பினார். 1762இன் இறுதியில் பாஸ்கல் அவரை வேறொரு கப்பல் தலைவனுக்கு விற்றுவிட்டார். அவர் சம்பாதித்த கூலியும் பரிசுப் பணமும் எசமானுக்கே போயின. 1766இல் 40 பவுன் கொடுத்துத் தன்னைத் தானே மீட்டுக்கொண்டார். 1789இல் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். அடிமை வாணிபத்துக்கு எதிரான போராட்டத்துக்கு அந்நூல் பெரிய ஆயுதமாயிற்று.

நாம் இலக்கிய மன்றம். எனவே இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அந்தக் கப்பலில் பல நூறு பேர் இருந்தார்கள். அடிமையாக இருந்த ஒரு சிறுவனின் கண் வழியாக அந்தக் கப்பலின் உட்புறத்தை நம்மால் பார்க்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் மரம் அல்ல, அவர் எழுதினார். மரம் கப்பலின் அளவைச் சொல்லும். ஆணி எத்தனை, பலகையின் கனம் எவ்வளவு என்று சொல்லும். வெடிமருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது என்ன பயந்தான் என்பதை மரம் சொல்லாது. பொருளும் தன்வரலாறும் சேரும்போதுதான் வரலாறு முழுமையாகிறது. தலித் தன்வரலாறுகள் நமக்கு ஏன் இலக்கியம் மட்டுமல்ல, ஆவணமும் ஆகின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அய்யாவின் முதல் பெட்டியும் இரண்டாவது பெட்டியும் ஒன்றையொன்று தேடுகின்றன என்று நான் சொல்வது இதனால்தான்.

மரத்திலிருந்து இரும்புக்கு

1860களில் போர்க்கப்பல் மரத்திலிருந்து இரும்புக்கு மாறியது. அரசுத் தளம் ஒன்றில் கட்டப்பட்ட முதல் இரும்புப் போர்க்கப்பலான 'அக்கிலஸ்' சாத்தத்தில் உருவாகி 1863இல் மிதக்கவிடப்பட்டது. அதைக் கட்ட வெளியிலிருந்து இரும்பு வேலைக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நிர்வாகம் அவர்களை வெளியேற்றிவிட்டு, மரத்தச்சர்களுக்கே இரும்பு வேலையைக் கற்றுக்கொடுத்தது. வாய்ச்சியும் கொட்டாப்புளியும் பிடித்த கை, தகட்டில் துளையிட்டு ரிவெட் அடிக்கக் கற்றுக்கொண்டது.

வேலைநிறுத்தத்தை உடைத்த செயல் அது. அதைப் பாராட்ட ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் இன்னொரு உண்மை இருக்கிறது. பல தலைமுறை மரத்தச்சன் கொஞ்ச காலத்தில் இரும்புத்தச்சன் ஆனான். தொழில் இரத்தத்தில் இல்லை, கற்பதில் இருக்கிறது. 1843இலேயே அரசுத் தளங்களில் பயிற்சியாளர்களுக்குப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. உளி பிடித்த பையன் கணக்கும் வரைபடமும் கற்று மேலே போக ஒரு வழி, குறுகலானதாயினும், இருந்தது. அங்கும் தகப்பன் வேலை மகனுக்கு என்ற பழக்கம் உண்டு. ஆனால் அந்த வேலையை விட்டுப் போகிறவனை ஊர் கூடி அடிக்கவில்லை. வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களைப் பிறப்பால் பிரித்துப் படிநிலையில் அடுக்குவது வேறு என்று அம்பேத்கர் காட்டிய வேறுபாட்டை நாம் பலமுறை படித்திருக்கிறோம். சாத்தத்தின் வாய்ச்சியையும் நம் குத்தூசியையும் பக்கத்தில் வைத்தால் அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டும் கருவிகள். ஒன்றைக் கீழே வைக்க அனுமதி இருந்தது.

கண்ணாடிக்குள் வராதவை

எல்லாவற்றையும் சேகரித்த அருங்காட்சியகத்திலும் சில வராமல் போகும். சாத்தத்தில் 1860களிலிருந்து 1880கள் வரை தளம் பெரிதாக்கப்பட்டு மூன்று பெரிய நீர்த்துறைகள் வெட்டப்பட்டன. வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் கைதிகள். 1856இல் அதற்காகவே அங்கே சிறை திறந்தார்கள். சதுப்பு நிலத்தைத் தோண்டினார்கள், செங்கல் அறுத்தார்கள், சுவர் எழுப்பினார்கள். 1861இல் அந்தச் சிறையில் பெரும் கலகம் வெடித்தது. அந்தச் செங்கற்கள் இன்றும் சுவரில்தான் இருக்கின்றன. தண்ணீரும் படகுகளும் பார்க்க அழகாக இருக்கின்றன. சுவரே காட்சிப் பொருள் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

இன்னொன்று தூசி. 20ஆம் நூற்றாண்டுக் கப்பல்களில் கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் வெப்பம் வெளியேறாமல் கல்நார் சுற்றினார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நோய் உடனே வருவதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து நுரையீரல் உறையில் புற்றுநோயாக வரும். தளம் மூடிய பிறகும் தளத்தின் வேலை அந்த உடல்களுக்குள் நடந்துகொண்டிருந்தது. கயிற்றைக் காட்டலாம், மரத்தைக் காட்டலாம். மூச்சை எப்படிக் காட்டுவது?

இந்தக் கேள்வி நம் கரைக்கும் வருகிறது. 'விராட்' கப்பலை உங்களில் பலர் அறிவீர்கள். இங்கிலாந்தின் பாரோ என்ற கப்பல்கட்டும் ஊரில் கட்டப்பட்டு, 1959இல் 'ஹெர்ம்ஸ்' என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1987இல் இந்தியக் கடற்படைக்கு வந்தது. 2017இல் ஓய்வு பெற்றது. அதை அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று கோரிக்கைகள் எழுந்தன, நிறைவேறவில்லை. 2020இல் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு உடைக்கப் போனது. கப்பல் பிறந்த பாரோவில் கப்பல்கட்டும் தொழிலுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அலாங்கில் கப்பல் உடைப்பவர்கள் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். கப்பலைக் கட்டிய கையின் கருவி கண்ணாடிக்குள் இருக்கிறது. கப்பலை உடைத்த கையின் கையுறை எங்கே இருக்கிறது? கையுறை இருந்ததா என்பதிலிருந்துதான் அந்தக் கேள்வி தொடங்குகிறது.

குத்தூசிக்குத் திரும்புவோம்

இனி நம் இரண்டாவது பெட்டிக்கு வருகிறேன். சாத்தத்தின் பொருட்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது நான்கு கேள்விகள். எந்த உழைப்புக் கருவியைக் காட்சிக்கு வைத்தாலும் அதன் அருகே இந்த நான்குக்கும் விடை இருக்க வேண்டும்.

முதல் கேள்வி, இதைப் பிடித்தவருக்குக் கூலி என்ன, எப்போது கொடுக்கப்பட்டது? கூலி சொல்லாத கருவி பொய் சொல்கிறது. மரத்துண்டைத் திருட்டு என்று எழுதுவதா கூலி என்று எழுதுவதா என்பது அந்த விடையில்தான் இருக்கிறது. நம் குத்தூசிக்குக் கூலி பெரும்பாலும் களத்தில் அளந்த நெல். அதுவும் கேட்டுப் பெற்ற நெல். அதை எழுத வேண்டும்.

இரண்டாவது, இதைப் பிடித்தவர் எந்த வாசல் வழியாக உள்ளே போனார்? தைத்துக் கொடுத்த செருப்பை அணிந்தவரின் திண்ணையில் அவரால் உட்கார முடிந்ததா? ஊர்த் தெருவில் அவரால் செருப்போடு நடக்க முடிந்ததா? செருப்புத் தைத்தவன் செருப்பில்லாமல் நடந்த தெருவின் பெயர் அந்தக் குத்தூசியின் அருகே இருக்க வேண்டும்.

மூன்றாவது, இதைக் கீழே வைக்க அவருக்கு உரிமை இருந்ததா? இதுதான் நம் இரு தரப்புத் தோழர்களுக்கும் நடுவில் இருக்கிற கேள்வி என்று நினைக்கிறேன். திறமையைப் போற்ற வேண்டும் என்பவரும் இழிவைப் போற்றக் கூடாது என்பவரும் ஒரே கருவியின் இரண்டு புரிகளைப் பிடித்து இழுக்கிறார்கள். திறமை உண்மை. ஈரத்தோலின் எந்த இடத்தில் ஊசி இறங்கும், எங்கே இறங்காது என்று அறிந்த விரல் சாதாரண விரல் அல்ல. கட்டாயமும் உண்மை. திறமையை மட்டும் எழுதினால், 'பாருங்கள், அவரவர் தொழிலில் அவரவர் எவ்வளவு சிறந்திருந்தார்கள்' என்று சாதியவாதி மகிழ்ச்சியோடு அதே அட்டையைப் படிப்பான். கட்டாயத்தை மட்டும் எழுதினால், அய்யாவின் தகப்பனாரை வெறும் பலியாளாக ஆக்கிவிடுவோம். இரண்டு முறுக்கும் எதிரெதிரே இருக்கட்டும். கயிறு அப்படித்தான் பிடிக்கும்.

நான்காவது, இதைக் கீழே வைத்தது யார், எப்படி வைத்தார்? சாத்தத்தின் கருவிகள் தளம் மூடப்பட்டதால் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதில் வேலை போன துக்கம் இருக்கிறது. நம் குத்தூசி அப்படி வரவில்லை. ஒரு தகப்பன் அதை மகன் கையில் கொடுக்க மறுத்ததால் வந்தது. மகன் கையில் பலகையும் எழுதுகோலும் கொடுத்ததால், இந்தக் குத்தூசி அவர் காலத்தோடு வேலை நிறுத்தியது. அதுவே முதல் பெட்டிக்கு முன்னுரை. எனவே இரண்டு பெட்டிகளையும் தனித்தனி அறையில் வைக்கக் கூடாது. துண்டறிக்கையும் குத்தூசியும் ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

அப்படி வைத்தால் அது கும்பிடும் பொருளாக ஆகாது, சாட்சியாக ஆகும். சாட்சியைக் கும்பிட வேண்டியதில்லை. விசாரிக்க வேண்டும். வருகிற பிள்ளைகள் விசாரிக்கட்டும்.

அந்த மேசைக்கு எழுதும் அட்டையில் முதல் வரியாக அய்யாவின் தகப்பனாருடைய பெயர் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முழுப்பெயர், ஊர் அவரைக் கூப்பிட்ட பெயர் அல்ல. அவருடைய தாய் தகப்பன் வைத்த பெயர். கயிற்றாலையில் பின்னோக்கி நடந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. எக்வியானோ தன் பெயரைத் தானே எழுதி மீட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நமக்கு அந்தப் பெயர் தெரியும். எழுதிவைப்போம்.